தொட்டியின் அடியில் வாழும் கெளுத்தி மீன்களுக்குப் பச்சைக் காய்கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வண்ணமீன் வாங்குவோர் பலர் கூடவே ஒரு சக்கர் மீனையும் வாங்கிச் செல்கிறார்கள். "இதற்குத் தனியாகத் தீனி போட வேண்டாம், கண்ணாடியில் இருக்கும் பாசியைத் தின்றே பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லியே அது விற்கப்படுகிறது. அந்தச் சொல்லை நம்பி வளர்க்கப்படும் மீன்கள் சில மாதங்களில் வயிறு ஒட்டிப்போய்ச் செத்துவிடுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது, ஏனெனில் அவற்றுக்குத் தேவையான உணவின் பெரும்பகுதி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. இது குறித்து வளர்ப்போர் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு, நம் குமரி மாவட்டத்தின் வெயிலையும் தண்ணீரையும் சந்தையில் கிடைக்கும் காய்களையும் மனத்தில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தெந்த மீன்களுக்குக் காய்கறி கொடுக்கலாம்?

சக்கர் என்று கடைகளில் அழைக்கப்படும் மீன்கள் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த லோரிகாரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலில் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகளும், அடிப்பக்கம் நோக்கிய உறிஞ்சு வாயும், அந்த வாயில் மிக நுண்ணிய பற்களின் வரிசையும் இவற்றின் அடையாளங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் புள்ளிச் சக்கர் பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் இனமாகவே இருக்கும். மூக்கின் மேல் மீசைபோல் தசை முளைகள் கொண்ட பிரிஸில்நோஸ், விரலளவே வளரும் ஓட்டோசிங்க்ளஸ் ஆகியவையும் இதே குடும்பத்தவையே. இவை மூன்றுக்கும் காய்கறி ஏற்றது.

ஆனால் அடியில் வாழும் கெளுத்திகள் எல்லாமே காய்கறி தின்பவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கோடுகளால் பெயர் பெற்ற ஜீப்ரா பிளெக்கோ, பிரேசிலின் ஷிங்கு ஆற்றைச் சேர்ந்த லோரிகாரிடே மீனாக இருந்தும், புலால் உணவையே பெரிதும் விரும்புவது. பிக்டஸ் போன்ற நீண்ட மீசைக் கெளுத்திகளும், நம் குளங்களில் பிடிபடும் நாட்டுக் கெளுத்திகளும் புழுவையும் பூச்சியையும் சிறுமீனையும் தேடுபவை. அவற்றின் முன் சுரைக்காயை வைத்தால் அது அழுகுமே தவிரக் குறையாது. ஆகவே மீனின் சரியான இனத்தை அறிந்துகொண்ட பிறகே காயை நறுக்க வேண்டும்.

சக்கர் மீன் பாசியையும் மற்ற மீன்களின் கழிவையும் தின்று வாழாதா?

வாழாது. எந்தச் சக்கர் மீனும் மற்ற மீன்களின் கழிவை உண்டு வாழ்வதில்லை. பாசியைத் தின்பது உண்மைதான் என்றாலும், வீட்டில் இருக்கும் இரண்டடித் தொட்டியின் கண்ணாடியில் படரும் பாசியை வளர்ந்த ஒரு பிரிஸில்நோஸ் சில இரவுகளிலேயே வழித்துவிடும். அதன் பிறகு பாசி மறுபடி முளைக்கும் வேகம் அதன் பசிக்கு ஈடு கொடுக்காது. பாசி தின்னும் லோரிகாரிடே மீன்களின் குடல் உடலின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு, சுருள் சுருளாக வயிற்றுக்குள் அடைந்திருக்கும். சத்துக் குறைந்த தாவர உணவை இடைவிடாமல் சுரண்டித் தின்று, மெல்ல மெல்லச் செரிப்பதற்கான அமைப்பு அது. அப்படிப்பட்ட மீனைச் சுத்தமான கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டு, மேல்மட்ட மீன்களுக்குத் தூவும் தீனியில் மிஞ்சி விழும் நாலு துகள்களை நம்பியிருக்கச் செய்வது அதைப் பட்டினி போடுவதுதான்.

உங்கள் மீன் பட்டினி கிடக்கிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அது முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடிவயிற்றைக் காட்டும்போது கூர்ந்து பாருங்கள். நன்றாகத் தின்ற மீனின் வயிறு சற்றே புடைத்து, வாயிலிருந்து பின்துடுப்பு வரை ஒரே மட்டமாக இருக்கும். பட்டினி கிடக்கும் மீனின் வயிறு உள்வாங்கிக் குழிந்து, விளிம்புகள் மேடாகத் தெரியும். கண்களும் குழிக்குள் இறங்கியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

எந்தக் காய் சிறந்தது?

அயல்நாட்டுக் குறிப்புகள் பலவும் சுக்கினியைத்தான் முதலில் சொல்லும். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வடசேரி கனகமூலம் சந்தையிலும் அப்டா சந்தையிலும் நாள்தோறும் வந்து இறங்கும் வெள்ளரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், தடியங்காய், மஞ்சள் பூசணி ஆகியவை எல்லாம் அதே குடும்பத்துக் காய்கள்தாம். சதை மென்மையாகவும் விதை முற்றாமலும் இருக்கும் பிஞ்சைத் தேர்ந்தெடுத்தால் மீன் மறுப்பதில்லை.

வெள்ளரிக்காயை ஏறக்குறைய எல்லாச் சக்கர் மீன்களும் விரும்பித் தின்னும், ஆனால் அதில் 95 விழுக்காடு தண்ணீரே. பழக்குவதற்கும் கோடைக்கும் அது நல்லது, அன்றாட உணவாக அதை மட்டும் நம்புவது சரியில்லை. சுரைக்காயின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மஞ்சள் பூசணியில் சதைப்பற்றும் பீட்டா கரோட்டினும் கூடுதலாக இருப்பதால் என் தேர்வில் அதற்கே முதலிடம். சீனிக்கிழங்கு இன்னும் கெட்டியானது, மாவுச்சத்து மிகுந்தது. மெலிந்துபோன மீனைத் தேற்றுவதற்கு வாரம் ஒருமுறை சிறு துண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் போனால் தண்ணீர் கலங்கிவிடும். தோல் உரித்த பச்சைப் பட்டாணியில் புரதம் ஏறத்தாழ 5 விழுக்காடு இருப்பதால் காய்களுக்கிடையே அது ஒரு நல்ல மாற்று. கேரட், பீன்ஸ் இரண்டையும் நன்றாக வேகவைத்தால்தான் மீனின் நுண்பற்களுக்கு அவை வசப்படும்.

வெள்ளரியையும் சுரைக்காயையும் நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நீங்களே வாயில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கசந்தால் அந்தக் காயைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் மனிதருக்கே நஞ்சாகக்கூடியது.

பச்சையாகப் போட வேண்டுமா, வேகவைத்துப் போட வேண்டுமா?

வெள்ளரிக்காய் பச்சையாகவே போதும். சுரைக்காய், பீர்க்கங்காய், தடியங்காய் ஆகியவற்றைக் கொதிக்கும் நீரில் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி ஆறவிட வேண்டும். பூசணிக்கும் கேரட்டுக்கும் ஐந்து நிமிடம் வரை தேவைப்படலாம், சீனிக்கிழங்குக்கு இன்னும் சற்றுக் கூடும். கத்திமுனை தடையின்றி இறங்கினாலும் துண்டு உடையாமல் நிற்கும் பதம் வேண்டும். குழைந்துவிட்டால் தொட்டியில் கரைந்து பரவும். வெந்நீர்ப்பட்ட காயின் திசு இளகுவதோடு அதற்குள் அடைபட்ட காற்றும் வெளியேறிவிடுவதால், அது மூழ்கவும் செய்யும். உப்போ, மஞ்சளோ, எண்ணெயோ அந்த நீரில் துளியும் இருக்கக் கூடாது. சமையலுக்கென்று வெந்துகொண்டிருக்கும் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் போடும் பழக்கம் வேண்டாம்.

ஒரே முறையில் வேண்டிய அளவு வேகவைத்து, துண்டுகளைத் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்வது வசதியானது. உறைந்த காய் இளகும்போது இன்னும் மென்மையாகும். சிறு மீன்களுக்கு அதுவே எளிது.

போட்ட துண்டு மிதக்கிறது, என்ன செய்வது?

துருப்பிடிக்காத எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அப்படியே அடியில் கிடத்திவிடுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தொட்டி அடியிலுள்ள கூழாங்கல்லோடு மீன்பிடி நரம்பால் கட்டிவிடலாம், கடைகளில் கிடைக்கும் உறிஞ்சு கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டலாம். செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவற்றை எடைக்காகத் தொட்டிக்குள் போடக் கூடாது. குறிப்பாகச் செம்பு, இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் மிகச் சிறிய அளவிலேயே கேடு செய்யும். ரப்பர் வளையத்தால் கட்டினால், காய் குறையக் குறைய அது கழன்று மீனின் செவுளருகே சிக்க வாய்ப்புண்டு என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு, எப்போது, எத்தனை மணி நேரம் விடலாம்?

நம் மாவட்டத்து வீடுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் நீரே ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரி வரை நிற்கும். குளிர்நாட்டு வளர்ப்பாளர் ஒருவர் துண்டை 24 மணி நேரம் விடலாம் என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே பின்பற்றினால் தொல்லைதான். காரணம் இரண்டு. வெப்பம் கூடக்கூட நுண்ணுயிர்கள் விரைந்து பெருகிக் காயை விரைவில் அழுகச் செய்கின்றன. அதே வேளையில், தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனின் அளவும் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாக இறங்கிவிடும். அழுகலைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் அந்த ஆக்சிஜனையே செலவிடுகின்றன. காயில் புரதம் குறைவு என்பதால், மீன் துண்டோ இறால் துண்டோ அழுகும்போது உண்டாகும் அளவுக்கு அம்மோனியா உண்டாகாது. காய்கறியால் வரும் முதல் ஆபத்து மூச்சுத் திணறல்தான்.

ஆகவே இரவில் விளக்கை அணைத்த பின் காயைப் போட்டு, காலையில் எழுந்தவுடன் மிச்சத்தை எடுத்துவிடுவது என்பதே நம் ஊருக்கு ஏற்ற வழக்கம். இம்மீன்கள் பெரும்பாலும் இரவில் உலவுபவை என்பதால் அவற்றின் இயல்புக்கும் இதுவே பொருந்தும். நன்றாகத் தின்ற மீன் இருந்த தொட்டியில் காலையில் எடுக்கும் வெள்ளரித் துண்டு, நடுச்சதை முழுதும் போய், பச்சைத் தோல் மட்டும் மெல்லிய வளையமாக முள்கரண்டியில் தொங்கும்; தோலின் உட்புறத்தில் சீப்பால் வாரியதுபோல் நுண்கீறல்கள் தெரியும். அந்தக் கீறல்களைக் கண்டால் மீன் தின்றிருக்கிறது, வெறுமனே அழுகிக் கரையவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த ஒரு பிரிஸில்நோஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு வெள்ளரி வில்லை ஓர் இரவுக்குப் போதும். காலையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். வாரத்தில் மூன்று நாலு இரவுகள் காயும், மற்ற இரவுகளில் அடியில் மூழ்கும் பாசி வில்லைகளும் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. ஆனியிலும் ஐப்பசியிலும் மழையோடு மின்சாரம் அடிக்கடி போகும் இரவுகளில், நீரில் காற்றைச் செலுத்தும் ஏரேட்டருக்கு பேட்டரி ஏற்பாடு இல்லாத வீட்டில் அன்று காயே போடாமல் விடுவதுதான் பாதுகாப்பு. ஒரு நாள் பசி மீனைக் கொல்லாது.

சந்தைக் காயில் மருந்து அடித்திருப்பார்களே?

இந்த அச்சம் நியாயமானது. காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கப்படும் சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்துகள் மனிதரைவிட மீனுக்கும் இறாலுக்கும் பல மடங்கு கொடியவை. மருந்தின் பெரும்பகுதி தோலின் மேல்தான் தங்கும் என்பதால், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு தோலைச் சீவிவிட்டுப் போடுவது நம்மால் செய்யக்கூடிய சிறந்த தடுப்பு. தோலோடு இருந்தால் துண்டு உடையாமல் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத காய்க்கு அந்த வசதியை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். மெழுகு பூசிப் பளபளப்பாக விற்கப்படும் வெள்ளரிக்கும் இதுவே விதி.

நம் மாவட்டத்தில் வீட்டை ஒட்டிக் கொஞ்சமேனும் விளை உள்ளவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். மருந்தடிக்காத விளையில் ஒரு பூசணிக் கொடியும் ஒரு பீர்க்கங் கொடியும் படரவிட்டால், மீனின் தேவைக்கு மேலேயே கிடைக்கும். உங்கள் தோட்டத்துத் தென்னைக்கோ வாழைக்கோ போர்டோ கலவை தெளித்திருந்தால், அருகிலுள்ள கொடியின் காயைச் சில வாரங்களுக்கு மீனுக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கலவையின் அடிப்படையே மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு.

மரச்சீனி, சேனை, சேம்பு போன்றவற்றைக் கொடுக்கலாமா?

வேண்டாம். மரச்சீனிக் கிழங்கில் சயனைடை வெளியிடும் வேதிப்பொருள் இருப்பதால்தான் நம் வீடுகளில் அதை வேகவைத்து நீரை வடித்துவிட்டு உண்கிறோம். சயனைடுக்கு மீன்கள் மிக எளிதில் பலியாகும். பச்சை மரச்சீனித் துண்டு ஒன்று சிறு தொட்டியில் என்ன செய்யும் என்று பரிசோதித்துப் பார்க்கத் தேவையே இல்லை. வடித்து வேகவைத்ததும்கூட மாவாகக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். சேனையிலும் சேம்பிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன, நம் நாக்கில் ஏற்படும் அரிப்புக்கு அவையே காரணம். வெங்காயம், பூண்டு, பாகற்காய், பால் வடியும் பச்சைப் பப்பாளி ஆகியவையும் ஆகாது. தேங்காய்த் துண்டு போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதன் எண்ணெய் நீரின் மேல் படலமாகப் படர்ந்து காற்று கலப்பதைத் தடுக்கும். அவியலில் மிஞ்சியதைக் கழுவிப் போடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

மட்டிப்பழம், செவ்வாழை போன்ற பழங்கள்?

பெரிய சக்கர் மீன்கள் வாழைப்பழத்தை ஆவலோடு தின்னும். ஆயினும் பழத்தின் சர்க்கரை நீரில் கரைந்தவுடன் நுண்ணுயிர்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, சில மணி நேரத்திலேயே நீர் பால்போல் வெளிறிவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் என்ற பெருமை உடையது, ஆனால் அதன் சதையின் மென்மையே தொட்டிக்குத் தீங்கு, துண்டாக நிற்காமல் கரைந்துபோகும். நூறு லிட்டருக்கும் குறைவான தொட்டியில் பழமே வேண்டாம் என்பதே என் கருத்து.

கீரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவோடு. பாலக்கிலும் தண்டங்கீரையிலும் உள்ள ஆக்சலேட், உணவிலுள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதையே நாள்தோறும் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்த இலைகளை நாலைந்தாக அடுக்கிக் கிளிப்பில் மாட்டுங்கள். முருங்கைக்கீரையின் சிற்றிலைகள் காம்பிலிருந்து உதிர்ந்து ஃபில்டரின் பஞ்சில் போய் அடைந்துகொள்ளும். அதைப் பயன்படுத்துவதென்றால், பின்னர் சொல்லப்படும் அகர் கலவையில் அரைத்துச் சேர்ப்பதே நல்லது. கீரைக்குத்தான் மருந்து அதிகம் அடிக்கப்படுகிறது என்பதையும், அதில் சீவி எறியத் தோல் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கோரிடோரஸ் மீன்களுக்கும் இதே உணவா?

இல்லை, இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். கோரிடோரஸும் அடியில் வாழும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், ஆனால் அதற்கு உறிஞ்சு வாயும் சுரண்டும் பற்களும் கிடையாது. மணலை மீசையால் துழாவிப் புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் பொறுக்கித் தின்னும் மீன் அது. வெந்த பட்டாணியை நசுக்கிப் போட்டால் கொத்திப் பார்க்கும், சக்கர் மீன் சுரண்டிய வெள்ளரியின் விதைப்பகுதியில் மூக்கை நுழைக்கும். அதைக் கண்டு அது காய்கறி தின்கிறது என்று எண்ணி, புரத உணவை நிறுத்திவிட்டால் மெலிந்து போகும். மூழ்கும் இறால் வில்லை, உறைந்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா எனும் நுண்ணிறால் ஆகியவையே அதன் முதன்மை உணவு. கோரிகள் பலவும் 22 முதல் 26 டிகிரிக் குளிர்ச்சியை விரும்புபவை என்பதால், நம் ஊர்க் கோடையில் அவை ஏற்கெனவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கும். அவற்றோடு ஒரே தொட்டியில் அழுகும் காய் கிடப்பது இன்னும் கேடு.

ஓட்டோசிங்க்ளஸ் வாங்கி வந்த சில நாளில் இறந்துவிடுகின்றன, ஏன்?

கடைக்கு வரும் ஓட்டோக்களில் பெரும்பாலானவை காட்டு ஆறுகளில் பிடிக்கப்பட்டு, நீண்ட பயணத்தில் உணவின்றி வந்தவை. வீட்டுக்கு வரும்போதே வயிறு குழிந்திருக்கும், வெள்ளரித் துண்டை உணவென்று அடையாளம் காணவும் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே புதுத் தொட்டியில் ஒருபோதும் இவற்றை விடாதீர்கள். நம் ஊர் வெயிலைப் பயன்படுத்திக்கொள்ள இங்கே நல்ல வழி உண்டு. மொட்டைமாடியில் தொட்டியின் பழைய நீர் நிரப்பிய ஒரு வாளியில் வழவழப்பான கூழாங்கற்களைப் போட்டு வைத்தால், ஓரிரு வாரத்தில் அவற்றின் மேல் மெல்லிய பச்சைப் பாசி படியும். அந்தக் கற்களை மாற்றி மாற்றித் தொட்டிக்குள் வைத்தால் ஓட்டோக்கள் உடனே மொய்க்கும். பாசி படிந்த கல்லின் மேலேயே வெந்த சுரைக்காயின் மெல்லிய சீவலைக் கட்டி வைத்தால் நாளடைவில் காய்க்கும் பழகிவிடும். வாளியைக் கொசுவலையால் மூடிவைப்பது கட்டாயம், டெங்குக் கொசுவுக்கு நாம் இடம் கொடுத்துவிடக் கூடாது.

காய்கறி மட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. ஆற்றில் பாறைப் பாசியைச் சுரண்டும் மீன், அதனூடே ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் சிறு பூச்சிகளையும் சேர்த்தே விழுங்குகிறது. அந்தப் புரதம் காயில் இல்லை. கடையில் கிடைக்கும், ஸ்பைருலினா எனும் நுண்பாசி கலந்த மூழ்கும் வில்லைகள் அக்குறையைப் போக்கும்.

விருப்பமுள்ளோர் வீட்டிலேயே செய்யலாம். வெந்த பூசணி, பட்டாணி, கொஞ்சம் முருங்கைக்கீரை ஆகியவற்றை அரைத்து, தோலுரித்த சிறிய இறால் ஒரு பிடியும் ஸ்பைருலினாப் பொடி ஒரு தேக்கரண்டியும் சேருங்கள். பெருமளவு காயும் சிறிதளவு இறாலுமே பிரிஸில்நோஸுக்கு ஏற்ற விகிதம். கடற்கரை ஊர்களில் இறால் எளிதில் கிடைக்கும், உப்பிட்டது மட்டும் ஆகாது. சைனா கிராஸ் எனப்படும் அகரை, கலவையின் மொத்த அளவில் 100 மில்லிக்கு 2 கிராம் என்ற கணக்கில் எடுத்து, கொஞ்சம் நீரில் நன்கு கொதிக்கவைத்துக் கரைத்துக் கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி உறையவிட்டுத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஜெலட்டினைவிட அகரையே நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் வெப்பம்தான். ஜெலட்டின் 30 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், உறைந்த அகரோ 85 டிகிரி வரை உருகாது. கோடையில் நம் தொட்டியில் காலைவரை துண்டு துண்டாகவே நிற்பது அகர்தான்.

நான் போடும் காயை என் மீன் தொடவே இல்லையே?

கடையில் வெறும் தீனித் துகளில் வளர்ந்த மீனுக்குக் காய் புதிது. இரண்டு வாரம் பொறுமையாக இருங்கள். மீன் பகலில் ஒளிந்திருக்கும் குகையின் வாசலிலேயே துண்டை வைத்து, விளக்கணைத்து, அந்த அறையில் நடமாட்டத்தைக் குறையுங்கள். அது வழக்கமாகத் தின்னும் பாசி வில்லையை நனைத்துக் காயின் மேல் தேய்த்து வைத்தால் மணத்துக்கு வரும். ஒரு காய் பிடிக்கவில்லை என்றால் வேறு காய்; தனித்தனி மீனுக்குத் தனித்தனி விருப்பம் இருப்பதைப் பழகியவர்கள் அறிவார்கள். இந்நாட்களில் வில்லை உணவை நிறுத்தி மீனைப் பணியவைக்க முயல வேண்டாம்.

காய் போட்ட மறுநாள் தண்ணீர் கலங்குகிறது, நத்தையும் பெருகுகிறது. ஏன்?

இரண்டுமே மிஞ்சிய காயின் விளைவு. வெண்மையான கலங்கல் நுண்ணுயிர்ப் பெருக்கம். மிச்சத்தை எடுத்துவிட்டு, நீரில் கால் பங்கை மாற்றி, ஏரேட்டரைக் கூட்டி வைத்தால் ஓரிரு நாளில் தெளியும். நகராட்சிக் குழாய் நீரென்றால் குளோரின் நீக்கிய பின்பே ஊற்ற வேண்டும். அடியில் வாழும் கெளுத்திகள் பலவும் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையின் வழியோ குடலின் வழியோ சுவாசிக்கும் திறன் பெற்றவை, எப்போதாவது ஒருமுறை அப்படி மேலே பாய்ந்து இறங்குவது இயல்புதான். காய் கிடக்கும் தொட்டியில் அது அடிக்கடி நிகழ்ந்தால், ஆக்சிஜன் குறைகிறது என்று உடனே புரிந்துகொள்ள வேண்டும். நத்தையைக் குறைக்க மருந்து ஊற்றாதீர்கள். நத்தை மொய்த்த வெள்ளரித் துண்டைக் காலையில் அப்படியே எடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி நத்தை குறையும்.

சக்கர் மீன் என் தங்கமீனின் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. காய் கொடுத்தால் நிற்குமா?

பெரும்பாலும் பசியே இதற்குக் காரணம், எனவே இரவுதோறும் வயிறாரக் கொடுத்தால் பலவேளைகளில் குறைந்துவிடும். ஆனால் தங்கமீனின் மேலுள்ள வழுவழுப்பான படலத்தின் சுவைக்குப் பழகிவிட்ட பெரிய சக்கர், வயிறு நிறைந்தாலும் விடாது. அப்படிப்பட்ட மீனை அன்றே பிரித்துவிடுங்கள். படலம் உரிந்த இடத்தில் புண்ணும் பூஞ்சையும் வந்தால் தங்கமீன் தேறுவது கடினம்.

தொட்டியில் மரக்கட்டையும் வாதமர இலையும் அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். டிரிஃப்ட்வுட் எனப்படும் நீரில் ஊறிய கட்டையின் மேல் படியும் மெல்லிய உயிர்ப்படலத்தைப் பிரிஸில்நோஸ் நாள் முழுதும் சுரண்டும். கடற்கரைச் சாலைகளிலும் வீட்டு முற்றங்களிலும் நிற்கும் வாதமரத்தின் (நாட்டு வாதுமையின்) தானாக உதிர்ந்த காய்ந்த இலைகளைக் கழுவிப் போட்டால், அவை மெல்ல மட்கும்போது அதே படலம் அதன் மேலும் வளரும். நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது இலையிலுள்ள டானினால், அதில் தீங்கில்லை. சாலையோரப் புகை படிந்த இலையும், பால் வடியும் ரப்பர் மரக்கட்டையும் வேண்டாம்.

பிரிஸில்நோஸ் குஞ்சு பொரித்திருக்கிறது. குஞ்சுகளுக்கு எப்போது காய் கொடுக்கலாம்?

தந்தை மீன் குகைக்குள் காவல் காக்கும் குஞ்சுகள், வயிற்றிலுள்ள மஞ்சள் கருப் பை கரைந்து வெளியே பரவத் தொடங்கியதும் கொடுக்கலாம். பெரிய மீனைப் போல இரவு உணவு மட்டும் இவற்றுக்குப் போதாது, பகலிலும் இரவிலும் எதையாவது சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே காலையில் ஒரு மெல்லிய வெந்த சுரைக்காய்ச் சீவல், மாலையில் அதை எடுத்துவிட்டு வேறொன்று என்று மாற்றுங்கள். கூடவே நாள்தோறும் சிறிதளவு நீர் மாற்றுவதும் தேவை. குஞ்சுகள் இறப்பது பெரும்பாலும் பசியாலோ கெட்ட நீராலோதான், நோயால் அன்று.

சக்கர் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிட்டது, எவ்வளவு காய் போட்டாலும் போதவில்லை. குளத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். புள்ளிச் சக்கர் 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் என்பதைக் கடையில் சொல்வதில்லை. வீடுகளிலிருந்து வெளியேறிய இம்மீன்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. கரைகளில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை சரிகிறது, முள்துடுப்பால் மீனவர் வலை கிழிகிறது, நாட்டு மீன்களின் உணவும் பறிபோகிறது. நம் மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு ஈரநிலங்களும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. பழையாற்றிலோ ஒரு சிறு குளத்திலோ விடும் மீன் வாய்க்கால்கள் வழியே எங்கும் சென்று சேரும். பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளரிடமோ, வாங்கிய கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். புதிதாக வாங்குவோர் 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் பிரிஸில்நோஸைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

சில நாள் வெளியூர் போகும்போது பெரிய பூசணித் துண்டாகப் போட்டுவிட்டுச் செல்லலாமா?

கூடாது. பூட்டிய வீட்டில், விசிறி ஓடாத அறையில், எடுக்க ஆளில்லாமல் அழுகும் பூசணி தொட்டியையே அழித்துவிடும். நன்கு தேறிய, வளர்ந்த சக்கர் மீன் மூன்று நாலு நாள் உணவின்றித் தாங்கும். கட்டையும் பாசிக் கல்லும் இருந்தால் இன்னும் எளிது. அதற்கு மேல் ஆகுமென்றால் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, ஒரு நாளுக்கு ஒன்று என்று பொட்டலம் கட்டிய பாசி வில்லைகளை மட்டும் போடச் சொல்லுங்கள். காய்கறியை நீங்கள் திரும்பி வந்த இரவிலிருந்து தொடங்கலாம். குஞ்சுகளோ ஓட்டோக்களோ இருக்கும் தொட்டியை ஒரு நாளுக்கு மேல் ஆளில்லாமல் விட்டுச் செல்லாதீர்கள்.